தஞ்சோங் ரம்புத்தானில் முதுமை எய்தியவர்கள்

பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஒருவரையொருவர் கேலி பேசும்போது ஓர் ஊரின் பெயர் எளிதாக அவர்கள் வாயில் வந்து விழும். "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்பது அக்கேலி. சொல்லும் மாணவனுக்கு அவ்வூர் இருக்கும் திசை தெரியாது. கேட்கும் மாணவனுக்கும் தெரியாது. ஆனால், அவ்விருவருடைய பாட்டனார் காலத்தில் அது கேலிச் சொல்லாக இருக்கவில்லை. தோட்டத்து லயத்தில் ஒருவர் இரவெல்லாம் தமக்குத் தாமே பேசத் தொடங்கினால், வீட்டார் அஞ்சி அடங்கிய குரலில் உச்சரித்த பெயர் அது. அங்குச் சென்றவர் திரும்பி வருவார் என்று எவரும் எதிர்பார்த்ததில்லை.

சித்தியவானிலிருந்து ஈப்போவிற்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து வடகிழக்கே சிறிது தொலைவில், கிந்தா ஆற்றையும் இருப்புப் பாதையையும் ஒட்டி, சுண்ணாம்புக் குன்றுகள் சூழ அமைந்துள்ளது தஞ்சோங் ரம்புத்தான். 1911ஆம் ஆண்டில் அங்கே மலாய்க் கூட்டு மாநிலங்களின் மைய மனநோய் விடுதி திறக்கப்பட்டது. தொடக்கத்தில் 280 நோயாளிகள். ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம். 1950ஆம் ஆண்டுகளின் இறுதியில் அவ்வெண்ணிக்கை ஐயாயிரத்தைத் தாண்டியது. 1971இல் அதன் பெயர் பஹாகியா மருத்துவமனை என மாற்றப்பட்டது. பஹாகியா என்னும் மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்பது பொருள். பெயர் மாறிய பின்னரும் மக்கள் நாவில் பழைய ஊர்ப்பெயரே தங்கிவிட்டது.

இந்நிறுவனத்தின் வரலாற்றைப் பலரும் மனநோயின் வரலாறாகவே எழுதுவர். அதனை முதுமையின் வரலாறாகவும் எழுதலாம். இருபது வயதில் உள்ளே சென்றவர் அங்கேயே எழுபது வயதை எட்டினார்; எழுபது வயதில் முதன்முறையாக அறிவு தடுமாறியவரும் அங்கே கொண்டுவரப்பட்டார். இவ்விரு வகையினரையும் ஒரே கூரையின்கீழ் ஒரே பெயரால் அழைத்தனர். இவர்களைப் பிரித்தறிய மருத்துவ உலகிற்கு நெடுங்காலம் பிடித்தது.

தஞ்சோங் ரம்புத்தான் விடுதி எழுவதற்கு முன் தைப்பிங்கிலும் கோலாலம்பூரிலும் சிறு விடுதிகள் இருந்தன. கோலாலம்பூர் விடுதியில் நடந்த ஓர் ஆய்வு உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. தமிழர் உண்ணும் சோற்றோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பதால், அதனைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிதும் வாட்டிய நோய் பெரிபெரி. கால்கள் வீங்கும் அல்லது மரத்துப்போகும், நடை தள்ளாடும், இறுதியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். ஆனால், தோட்டங்களில் உழைத்த தமிழர்களிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. உழைப்பிலும் வறுமையிலும் தமிழர் எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர். பின் ஏன் இந்த வேறுபாடு? நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் விடையை அரிசியில் கண்டார். தமிழர் உண்டது நெல்லை வேகவைத்து உலர்த்திக் குத்திய புழுங்கலரிசி. சுரங்கத் தொழிலாளர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் வெள்ளை வெளேரெனத் தீட்டப்பட்ட பச்சரிசி. பிராடனின் கருத்தை அக்காலத்து மருத்துவர் பலர் ஏற்கவில்லை. கோலாலம்பூரின் மருத்துவர் வில்லியம் ஃபிளெச்சரும் ஐயுற்றவர்களுள் ஒருவரே.

ஃபிளெச்சர் தம் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள 1905ஆம் ஆண்டு டிசம்பரில் மனநோய் விடுதியிலேயே ஓர் ஆய்வைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் சொல்லச் செய்து இரு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவிற்குப் புழுங்கலரிசிச் சோறு. மற்றதற்குத் தீட்டிய பச்சரிசிச் சோறு. ஏனைய உணவு, உறைவிடம் எல்லாம் ஒன்றே. இடம்தான் நோயை விளைக்கிறதோ என்னும் ஐயம் எழாதிருக்க, இடையில் இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றி வைத்தார். ஓராண்டு கழிந்தது. பச்சரிசி உண்ட பிரிவில் பலர் பெரிபெரி நோய்க்கு ஆளாயினர்; 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட பிரிவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. 1907இல் இம்முடிவு இலண்டன் மருத்துவ இதழான லான்செட்டில் வெளிவந்தது. அதே ஆண்டில் ஃபிரேசர், ஸ்டேன்டன் என்னும் இரு மருத்துவர்கள் நெகிரி செம்பிலானின் டுரியான் தீப்புஸில் சாலை அமைத்த ஜாவானியத் தொழிலாளரிடையே இதனை ஒத்த ஆய்வைத் தொடங்கினர். தவிட்டோடு போய்விடும் ஒரு பொருளில்தான் நோயின் மருமம் அடங்கியுள்ளது என்பது அதனால் உறுதியாயிற்று. 1926இல் ஜாவாவில் பணிபுரிந்த டச்சு அறிஞர்கள் யான்சன், டோனத் இருவரும் அப்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். அதுவே இன்று தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1. நெல்லைப் புழுக்கும்போது இச்சத்து உமியை அடுத்த பகுதியிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. தஞ்சை மாவட்டத்து மூதாட்டியர் காரணம் அறியாமலே காலங்காலமாகச் செய்துவந்தது இதுதான்.

இவ்வாய்வைப் பாராட்டும் நூல்கள் பல. ஆயினும், அந்த 18 பேரின் பெயர் எதிலும் இல்லை. அவர்களை எவரும் இசைவு கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தில் பரவலாக வேரூன்றவில்லை. மனநோயாளி என்பதாலேயே அவர்களுடைய உணவை மாற்றிப் பார்ப்பது எளிதாயிற்று. அவர்களால் பிழைத்தோர் இலட்சக்கணக்கானோர் என்பது உண்மையே. அவர்களுக்கு ஆறுதலாகச் சொல்வதற்கு அது போதுமா என்பது வேறு கேள்வி.

இன்னொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. தயமின் குறைந்தால் கால் மட்டும் தளர்வதில்லை, மூளையும் தளரும். நினைவு தடுமாறும், நடவாததை நடந்ததாகக் கூறும் நிலையும் வரும். வெர்னிக்கி 1881இலும், கோர்சகோவ் அதனை அடுத்த ஆண்டுகளிலும் இந்நிலையை விளக்கினர். கள்ளும் சாராயமும் மிகுதியாக அருந்தி உணவைக் குறைத்த தோட்டத் தொழிலாளருக்கு இத்தீங்கு எளிதில் நேரக்கூடியது. தொடக்கத்திலேயே கண்டு சத்தினை ஊட்டினால் பெரும்பாலும் மீட்கக்கூடிய இந்நோயும் பைத்தியம் என்னும் ஒரே சொல்லில் அடங்கிப் போயிற்று.

1911க்குப் பின் தஞ்சோங் ரம்புத்தானுக்கு வந்த தமிழர் யாவர்? பெரும்பாலோர் கங்காணி முறையில் கப்பலேறி வந்தவர்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் கங்காணி திரட்டிய ஆட்களே தோட்டங்களை நிரப்பினர். அவர்களுள் குடும்பமின்றித் தனியே வந்த ஒற்றை ஆட்கள் மிகுதி. ஊரில் ஒருவருக்குப் பித்துப் பிடித்தால் உற்றார் உறவினர் உண்டு. குணசீலம், ஏர்வாடி, சோளிங்கர் எனச் சென்று தங்கும் இடங்கள் உண்டு. கிரிகை என்று பெயரிட்டு மனநோயைப் பதினெட்டு வகையாகப் பிரித்துரைத்த சித்த மருத்துவமும் உண்டு. தோட்டத்து ஒற்றை ஆளுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. பால்மரம் சீவ இயலாதவன் லயத்தில் இருக்க இடமில்லை. முதலில் தோட்டத்து டிரெசர் பார்ப்பார். பின்னர்க் காவல் துறை, மாவட்ட மருத்துவமனை, நீதிபதியின் ஆணை. அதன்பின் தஞ்சோங் ரம்புத்தான்.

நோய் தணிந்தவரைத் தாயகம் அனுப்புவதும் உண்டு. 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து, உழைக்க இயலாத தொழிலாளரைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் அனுப்பினர். மலாயாவில் தேய்ந்த உடலை முதுமையில் பேணும் சுமை, அவ்வகையில் தஞ்சை, திருச்சி மாவட்டத்துச் சிற்றூர்களின் தலையில் இறங்கியது. தோட்ட முதலாளிமாரின் கணக்கேட்டில் இச்செலவு ஏறியதில்லை. ஊர்ப்பெயரையே மறந்தவரையும், கடிதத்திற்கு மறுமொழி வராதவரையும் அனுப்ப வழியில்லை. அவர்கள் கூடங்களிலும் தோட்டங்களிலும் பணிசெய்து அங்கேயே நரைத்தனர். 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. புதியவர் வரவு நின்றது. இருந்தவர்களுக்கு வயது ஏறியது. ஜப்பானியர் ஆட்சியின்போது அரிசி அருகி, மரவள்ளிக் கிழங்கே நாட்டுக்கு உணவாயிற்று. வெளியே உள்ளவன் காட்டிலேனும் தேடித் தின்னலாம். பூட்டிய கதவுக்குள் இருப்பவன் கொடுத்ததையே உண்ணவேண்டும். அவ்வாண்டுகளில் மனநோய் விடுதிகளில் மாண்டோர் பலர்.

இனி மருத்துவ அறிவின் பக்கம் திரும்பலாம். செருமானிய அறிஞர் கிரேப்பலின் மனச்சிதைவு நோய்க்கு இட்ட பழைய பெயரின் பொருள், இளமையிலேயே வரும் அறிவிழப்பு என்பதாகும். அந்நோய் கண்டவர் நாளுக்கு நாள் தேய்ந்தே போவர் என்பது அவர் கருத்து. 1904இல் அவர் ஜாவாவின் பொய்த்தன்சோர்க் விடுதிக்கே வந்து ஆசிய நோயாளிகளை ஆராய்ந்தார். அவருடைய துணைவராக இருந்த அல்சைமர் 1906இல், ஐம்பதைக் கடந்த ஒரு பெண்மணியின் மூளையில் கண்ட மாற்றங்களை எடுத்துரைத்தார். முதுமை மறதிநோய்க்கு உடற்கூற்று அடிப்படை உண்டு என்பது அதனால் புலனாயிற்று. ஆயினும், முதியவருக்கு வரும் மனக்கோளாறு யாவும் மூளைத் தேய்வே என்னும் எண்ணம் மருத்துவரிடையே மேலும் அரை நூற்றாண்டு நிலவியது.

அதனை உடைத்தவர் ஆங்கிலேய மருத்துவர் மார்ட்டின் ரோத். கிரேலிங்வெல் மருத்துவமனையில் சேர்ந்த அறுபது வயதைக் கடந்த நோயாளிகளின் ஏடுகளை எடுத்து, சேர்ந்த பின் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பின்தொடர்ந்து பார்த்தார். 1955இல் முடிவை வெளியிட்டார். மனச்சோர்வு முதலிய உணர்ச்சி நோய் கொண்ட முதியவர் பெரும்பாலும் நலமுற்று வீடு திரும்பினர். மறதிநோய் கொண்டவருள் பெரும்பகுதியினர் ஈராண்டுக்குள் இறந்தனர். காய்ச்சலாலோ வேறு உடல்நோயாலோ திடீரென அறிவு கலங்கியவர், அவ்வுடல்நோய் தீர்ந்தால் தெளிந்தனர். முதுமையில் முதன்முறையாக ஐயமும் மாயக்குரலும் தோன்றியவர் தனி வகையினராக நின்றனர். ஆய்வு முறை எளியது. பழைய ஏட்டை ஒழுங்காகப் படித்தல் மட்டுமே. அதற்குமுன் பெரும்பாலோர் அவ்வாறு படிக்கவில்லை என்பதுதான் வியப்பு.

இவ்வேறுபாட்டின் பொருளைத் தோட்டப்புற வாழ்க்கையில் வைத்துப் பார்க்கலாம். எழுபது வயது மூதாட்டி ஒருவர் உண்ண மறுக்கிறார், பேரப்பிள்ளைகளோடு பேசுவதில்லை, சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்கிறது குடும்பம். அது மறதிநோயாக இருக்கலாம். குணமாகக்கூடிய மனச்சோர்வாகவும் இருக்கலாம். சிறுநீர்ப் பாதையில் ஏற்பட்ட கிருமித் தொற்றே ஒருவரை இரண்டே நாளில் பிதற்ற வைக்கும். "அப்படித்தான் இருக்கும்" என்னும் இரு சொற்கள் எத்தனை முதியவரின் ஆயுளைக் குறைத்துள்ளன என்பதற்குக் கணக்கில்லை.

ரோத்தின் கட்டுரைக்கு மூன்றாண்டு முன், 1952இல், பாரிசில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. பூட்டும் சங்கிலியும் செய்யாததை அது செய்தது. மலாயாவிலும் அம்மருந்து வந்தது. பினாங்குப் பொது மருத்துவமனையில் 1958இல் மனநலப் பிரிவு தொடங்கியபின், ஒவ்வொரு நோயாளியையும் தஞ்சோங் ரம்புத்தானுக்கோ ஜொகூரின் தம்போய்க்கோ அனுப்பும் தேவை படிப்படியாகக் குறைந்தது. ஆனால், முப்பது ஆண்டுகளாக உள்ளே இருந்தவருக்கு மருந்து வந்தும் வெளியே வீடு இல்லை. குரல் அடங்கியது, கதவும் திறந்தது, போக்கிடம் இல்லை. இங்கிலாந்தின் மூன்று மருத்துவமனைகளை ஒப்பிட்டு விங், பிரவுன் இருவரும் 1970இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. செய்ய வேலையும் சொந்தமாக ஒரு பொருளும் பேச ஆளும் இல்லாத கூடங்களில் நோயாளி மேலும் ஒடுங்கிப் போகிறான். அவ்வொடுக்கத்தில் ஒரு பகுதி நோயினால் வந்தது அன்று, இடத்தினால் வந்தது என்றனர் அவர்கள்.

மனச்சிதைவு நோய் கண்டவர் முதுமையில் என்ன ஆவார்? கிரேப்பலினின் கூற்று உண்மையெனில் அவர்கள் முற்றும் தேய்ந்திருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் சியோம்பியும், அமெரிக்காவின் வெர்மான்டு மாநிலத்தில் கோர்ட்னி ஹார்டிங் குழுவினரும் நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் கழித்துத் தேடிச் சென்று கண்டனர். வெர்மான்டு ஆய்வில் இடம்பெற்ற 269 பேர், மருத்துவமனையின் கடைக்கோடிக் கூடங்களில் நம்பிக்கை இழந்து விடப்பட்டவர்கள். 1950களின் நடுவில் மறுவாழ்வுத் திட்டத்தின்வழி வெளியேறியவர்கள். முப்பதாண்டுக்கு மேல் சென்றபின், அவர்களுள் பாதி முதல் மூன்றில் இரு பங்கினர் வரை நலம் பெற்றோ நன்கு தேறியோ இருந்தனர் என்று 1987இல் அறிவித்தனர். வயது ஏற ஏறக் குரல்களின் வேகம் பலருக்குத் தணிந்திருந்தது. முதுமை சிலருக்கு நோயைக் கொண்டுவருகிறது. சிலருக்கு நோயைக் கொண்டுபோகிறது.

தமிழகத்திலும் இத்தகைய ஆய்வு நடந்தது. சென்னையில் 1794இல் தோன்றிய மனநோய் விடுதி, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கியது. 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக விளங்கியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். 2021இல் தம் 98ஆம் வயதில் மறைந்தார். மருந்து கொடுத்து அனுப்பினால் மட்டும் போதாது, வெளியே ஓர் இடம் வேண்டும் என உணர்ந்து 1984இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தை அவர் நிறுவினார். டாக்டர் தாரா முதலியோர் 1980களின் தொடக்கத்தில் முதன்முறை நோய் கண்ட 90 பேரைச் சேர்த்து, இருபது ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்தனர். இடைவிடாது நோயுற்றே இருந்தவர் மிகச் சிலரே. அதே தமிழகத்தில்தான் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடிக் கொட்டகையில் தீப்பற்றி, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 நோயாளிகள் கருகி மாண்டனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மலேசியாவில் 1952ஆம் ஆண்டு மனநோய்ச் சட்டத்திற்குப் பதிலாக 2001இல் மனநலச் சட்டம் இயற்றப்பட்டு, 2010இல் நடைமுறைக்கு வந்தது. தோட்டங்களோ அதற்கு முன்பே துண்டாடப்பட்டன. சித்தியவான், ஆயர் தாவார் சுற்றுவட்டத்தில் ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயங்களில் கூடி வாழ்ந்த முதியவர் இன்று தாமான்களில் தனித்தனியே அடைந்து கிடக்கின்றனர். வழிதவறிய பாட்டியைக் கைபிடித்து வீட்டில் விட, பழைய லயத்தில் பத்துப் பேர் இருந்தனர். 2018ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வு, அறுபது வயதைக் கடந்த மலேசியருள் நூற்றுக்கு 8.5 பேருக்கு மறதிநோய் இருக்கக்கூடும் என்றும், 11.2 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் உள்ளன என்றும் கண்டது. மறதிநோய்க்குரிய அறிகுறி பள்ளி செல்லாதவரிடம் கூடுதலாக இருந்தது.

இறுதியாகக் கூறப்பட்ட செய்தியை ஆசிரியர்கள் நிறுத்திப் படிக்கவேண்டும். பள்ளி செல்லாமை மூளைக்குத் தீங்கு என்பது ஓரளவு உண்மையாகலாம். கேட்கப்படும் கேள்விகளே பள்ளி சென்றவருக்கென அமைந்தவை என்பதும் உண்மையாகலாம். 1975இல் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவிய ஒரு சிறு தேர்வு, இன்றைய தேதியைக் கேட்கும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும். ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். பேனாவையே பிடித்தறியாத பால்மரத் தொழிலாளி, அறிவு முற்றும் தெளிவாக இருந்தும், அதில் தோற்பார். இக்குறையை நீக்கவே 1998இல் பத்தின்கீழ் அறுபத்தாறு என்னும் ஆய்வுக் குழு தோன்றியது. மறதிநோயாளருள் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியது அன்று என்பதே அப்பெயரின் பொருள். சென்னையும் வேலூரும் அக்குழுவின் ஆய்வுக் களங்கள் ஆயின. வினாக்கள் தமிழாக்கப்பட்டன, எழுத்தறிவு வேண்டாதவாறு அமைக்கப்பட்டன, முதியவரை மட்டுமன்றி, அவரோடு வாழ்பவரையும் கேட்டனர். சமைக்கும் முறை மறந்ததா, வந்த விருந்தினரை அடையாளம் தெரிகிறதா, பொருளை எங்கே வைத்தார் என்று தேடுகிறாரா என்பன போன்றவை அவ்வினாக்கள்.

மலேசியத் தமிழ் முதியவரிடம் கேட்கும்போது மொழியும் குறுக்கே நிற்கிறது. அரசு மருத்துவ நிலையத்தில் மலாயில் கேட்ட கேள்விக்குத் தோட்டத்துப் பாட்டி விழித்தால், அது நினைவிழப்பா, மொழி புரியாமையா என்று பிரிக்க ஒரு பேத்தி உடன் இருக்கவேண்டும். வயதும் ஐயத்திற்குரியது. 1948இல் அடையாள அட்டைக்குப் பதிந்தபோது தோட்டத்து மக்கள் பலருக்குப் பிறந்த நாள் தெரியாது. கிராணியாரோ பதிவு செய்தவரோ தோற்றத்தைப் பார்த்து ஓர் ஆண்டை எழுதினர். முதுமை பற்றிய ஆய்வில் வயதே ஐயத்திற்குரியதாயின் எஞ்சியது என்னாகும்? ஆகவே, ஆண்டைக் கேளாமல் நிகழ்ச்சியைக் கேட்பதே ஆய்வாளர் கைக்கொள்ளும் வழி. ஜப்பான்காரன் வந்தபோது பால் வாளி தூக்கும் வயது ஆகியிருந்ததா, தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்ட அவசரகாலத்தில் திருமணம் ஆகிவிட்டதா, மெர்டேக்கா அறிவித்த அன்று கையில் எந்தப் பிள்ளை என்று கேட்டால், தேதி சொல்லத் தெரியாத மூதாட்டி தயங்காமல் விடை சொல்கிறார். பிள்ளையின் பெயரையும், அன்று தோட்டத்தில் கொடுத்த பலகாரத்தையும் சேர்த்தே சொல்கிறார்.